லைட் போடாத கச்சேரி

"எந்தப் பாட்டு வேணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. மாமி மட்டும்தான் லைட்டைப் பத்திக் கேக்கீங்க" என்றார் கானமேளாக்காரர்.

சாலை என்கிற கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மெல்லிசைக் குழுவின் அறை. ஒத்திகையும் அங்கேதான், ஆபீசும் அதுதான். சுவரோரம் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன. கீபோர்டின் மேல் ஒரு ஈரிழைத் துண்டு போர்த்தியிருந்தது. என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த கோயில் உற்சவப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கல்யாணத்தன்று சாயங்காலமே ரிசப்ஷன். அதற்குப் பாட்டுக்காரர்களைத் தேடித்தான் போயிருந்தோம். நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். மேடையில் என்னென்ன விளக்கு போடுவீர்கள்? அது விட்டுவிட்டு மின்னுமா? முழுக்க நிறுத்திவைக்க முடியுமா? நடுவில் யாராவது பையன்கள் வந்து கேட்டால் மறுபடி போட்டுவிடுவீர்களா?

"லைட் இல்லாம கானமேளாவா? ஃபாஸ்ட் பாட்டு வரும்போ லைட் வெட்டிக்கிட்டே இருக்கணும் மாமி. இல்லேன்னா ஆளுக நேரா சாப்பாட்டு ஹாலுக்குப் போயிருவாங்க. நாங்க காலி நாற்காலியைப் பாத்துப் பாடணும்."

"கண்ணுக்கு ஆகாது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "சாரே, மாமிக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுங்க. அதுதான் எளுப்பம்."

நானும் சிரித்துவைத்தேன். படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் என் கணவர், "அவர்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் யாரோ, நாம யாரோ" என்றார்.

"சாலைக் கடையில சொன்னது நம்ம ஸ்ரீவராகத் தெருவுக்கு வர எத்தனை நேரம் ஆகும்?" என்றேன். லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கி நின்று, வழி கிடைத்ததும் நடந்தோம்.

உண்மை இதுதான். எங்கள் பெண்ணுக்கு வலிப்பு வரும். இதை இப்படி நேராக எழுதுவது எனக்கு இதுவே முதல் தடவை. டாக்டர் மலையாளத்தில் அபஸ்மாரம் என்று சொன்னார். நாங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தலைசுற்றல் ஆக்கிக்கொண்டோம். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் அது தலைசுற்றல்தான். மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை. என் கூடப்பிறந்த அக்காவுக்கே இன்றைக்கும் அவ்வளவுதான் தெரியும்.

முதல் தடவை வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. காலையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தோடு சரிந்தாள். அடுத்த வருஷம் இன்னொரு தடவை, அதுவும் வீட்டில்தான். மூன்றாவது, கல்லூரிக் கலைவிழாவில். மேடையில் ஏதோ நடனம், இருட்டில் விளக்கு படபடவென்று வெட்டியிருக்கிறது. தோழி போன் செய்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே தரையில் கிடந்தாள். நாலு பிள்ளைகள் நல்லெண்ணத்தில் அவள் கைகால்களை அமுக்கிப் பிடித்ததில் மேலெல்லாம் கன்றிப்போயிருந்தது. கடைவாயில் ரத்தம். அதற்கப்புறம் ஒரு பரிசோதனை செய்தார்கள். தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, கண்ணுக்கு முன்னால் ஒரு விளக்கை விட்டுவிட்டு அடித்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரை தவறக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. வெட்டி வெட்டி மின்னும் வெளிச்சத்தின் பக்கம் போகக் கூடாது. இருபத்திரண்டு வயதில், ஹாஸ்டலில் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் போனபோது ஒரு தடவை வந்தது. பிறகு நாலு வருஷமாக ஒன்றும் இல்லை.

இனி ஒரு கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பெண்ணை விடியற்காலம் மூன்று மணிக்கு எழுப்பி எண்ணெய் வைப்பார்கள். மாத்திரை டப்பா எந்தப் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலம் மேடையில் நிற்கவைத்து எதிரே விளக்கு போடுவார்கள். டாக்டர் கூடாது என்று சொன்ன மூன்றும் ஒரே நாளில். முதல் இரண்டை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவதைச் சமாளிக்க வேண்டுமானால் பாட்டுக்காரர்களை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொல்லிவிட்டுச் செய்யக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லித்தான் பார்த்தோம். முதலில் வந்த வரனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். காப்பி குடித்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கிளம்பிப்போனார்கள். ஒரு வாரம் கழித்து, "ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்டயும் காட்டினோம்" என்று போன் வந்தது. இரண்டாவது வந்தவர்களில் பையனின் அம்மா, என் பெண்ணை எதிரே உட்காரவைத்துக்கொண்டே, "பொறக்கற கொழந்தைக்கும் வருமா?" என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன். மூன்றாவதாக இந்தப் பையன் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

என் பெண்தான் சொன்னாள். "சொல்லிடலாம்மா. நானே சொல்றேன்." அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை, அதிர்ந்து பேசத் தெரியாத பையன். அவளுக்குப் பிடித்திருந்ததைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். "இவனும் போயிட்டா?" என்று கேட்டேன். அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். "கல்யாணம் ஆகட்டும். நேரம் பாத்து நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணு." கை என் தலையில் ரொம்ப நேரம் கனமில்லாமல் இருந்தது. பிறகு, "சரி" என்றாள்.

கானமேளாக்காரருக்குப் பிறகு பட்டம் பகுதியில் ஒரு வீட்டு கராஜில் நாலு இளைஞர்களைப் பார்த்தோம். வயலினும் கீபோர்டும் பெட்டி மாதிரி ஒரு தாளவாத்தியமும் வைத்து எல்லாவற்றையும் கலந்து வாசிப்பவர்கள். நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் அவர்களிடம் புகை விடும் மெஷின் இருந்தது, அந்தப் புகைக்குள்ளே வெட்டுகிற விளக்கும் இருந்தது. வீணை வாசிக்கும் ஒரு மாமியிடம் போனோம். "ரிசப்ஷனுக்கு நான் வரதில்லை. ஐஸ்கிரீம் கப்பைச் சொரண்டற சத்தத்துக்கு ஸ்ருதி சேக்க என்னால ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே கிடைத்தார் வயலின்காரர். ஆபீஸ் வேலை பார்ப்பவர், சனி ஞாயிறுகளில் ஒரு புல்லாங்குழலையும் மிருதங்கத்தையும் சேர்த்துக்கொண்டு வாசிப்பார். லைட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு ட்யூப் லைட் போறும் மாமி. மிருதங்கக்காரர் தூங்கிண்டிருக்காரான்னு நான் பாக்கணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு எனக்குப் பசியெடுத்தது. வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் வந்தார்கள். பையன், அவன் அம்மா, காலேஜில் படிக்கும் அவன் தங்கை. அப்பா இல்லை, அவன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். "பாட்டு விஷயம் உங்க இஷ்டம்" என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனால் தங்கைக்காரி சும்மா வரவில்லை.

"மாமி, என்ட்ரிக்கு செண்டை அடிச்சு சிங்காரி மேளம். பின்னே ஒரு மணிக்கூர் டிஜே. பொளிக்கும், தூளா இருக்கும்!" என்று சொல்லிக்கொண்டே போனை நீட்டினாள். அவள் தோழி ஒருத்தியின் கல்யாண வீடியோ. இருட்டான ஹால். விளக்கு வெட்டுகிற வெட்டில் கூட்டமே துண்டு துண்டாக ஆடியது. என் பெண் எட்டிப் பார்த்தாள். இரண்டு வினாடி. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு காலி டம்ளர்களைப் பொறுக்கப் போனாள். பார்ப்பவர்களுக்கு அவள் பொறுப்பான பெண்ணாகத் தெரிந்திருப்பாள்.

"வேண்டாம்" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் மாமி?" என்றான் பையன், மெதுவாக.

"ஒரு வேண்டுதல்."

எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு ஒரு பலம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் ஏன் என்பார்கள். டாக்டர் சொன்னார் என்றால் எந்த டாக்டர் என்பார்கள். வேண்டுதல் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை, அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. வந்ததும் மடமடவென்று தொடர்ந்தேன். "இவ கல்யாணத்துல சாஸ்திரீய சங்கீதம் மட்டும்தான், ஆட்டம் பாட்டம் லைட்டுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு பெருமாளுக்கு வேண்டிண்டிருக்கேன்."

"பெருமாளுக்கு டிஜே பிடிக்காதுன்னு யார் சொன்னா?" என்றாள் தங்கை.

"நீ மிண்டாதே" என்று அவள் அம்மா அடக்கினார். "பகவான் காரியம்னா பகவான் காரியம்தான். டிஜே கிடிஜே எல்லாம் விட்டாச்சு. செரிதானே மாமி?"

எனக்கு மூச்சு வந்தது. பக்கோடா தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"எதுக்கு வேண்டிண்டேள்?"

"என்ன?"

"இல்லை, வேண்டுதல் சும்மா வராதே. ஏதாவது ஒரு சங்கடம் வந்திருக்கும், அது தீரணும்னுதானே வேண்டிப்போம்?" சொல்லச் சொல்லவே அவர் முகத்தில் அக்கறை வந்தது. "கொழந்தைக்கு ஏதாவது உடம்புக்கு…?"

இதை நான் நினைத்துப்பார்க்கவே இல்லை. என் வாழ்நாளில் நூறு வேண்டுதல் வைத்திருக்கிறேன், ஒன்றுகூடக் காரணமில்லாமல் வைத்ததில்லை. இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். மறைப்பதற்கென்று எழுப்பிய சுவரில் நானே ஒரு கதவை வைத்து, அவரைக் கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் என் கணவர் பக்கோடா மென்றுகொண்டிருந்தார்.

"இவருக்கு" என்றேன். "நெஞ்சு ஆபரேஷன்."

மெல்வது நின்றது.

"மாமாவுக்கா? ஐயோ, எப்போ?"

"அது ஆச்சு… நாலு வருஷம்" என்றார் என் கணவர். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. வலது பக்க நெஞ்சுக்கு.

"எத்தனை அடைப்பு?"

"ரெண்டு" என்றார் அவர். அதே நேரத்தில் நான், "மூணு" என்றேன்.

"மூணுதான். ஒண்ணு சின்னது" என்றார் அவர்.

"மாமா, இப்போ மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறினேளே!" என்றாள் தங்கை. பையன் சிரித்தான். அவன் அம்மா, "நல்ல டாக்டர். பேரை எழுதிக் குடுங்கோ, நமக்கும் ஆகும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் பெண் மட்டும் கையிலிருந்த டம்ளர்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர்கள் கிளம்பும்வரை காத்திருந்தாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா நெஞ்சுல கத்தி வெச்சாச்சு. இன்னும் யார் பாக்கி?"

"உனக்காகத்தான்டி."

"எனக்காகவா? அவாத்துல ஒரு நாள் நான் விழுவேம்மா. ஒரு தடவையாவது விழுவேன். அன்னிக்கு அங்க இருக்கறவா யாருக்கும் என்ன பண்ணணும்னு தெரியாது. காலேஜ்ல அமுக்கிப் பிடிச்சாளே, அப்படிப் பிடிப்பா. நீ அங்க வருவியா? என் கூடவே நடந்து ஒவ்வொரு லைட்டா அணைச்சிண்டு வருவியா?"

"சத்தியம் பண்ணியிருக்கே."

"பண்ணினேன். உன் தலை மேல பண்ணினேன். நீ பெருமாள் தலையிலேயே கையை வெச்சுட்டே."

போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். நான் படிக்கட்டின் அடியில் நின்றேன். பேச்சு கேட்கவில்லை, அவள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அரைமணி இருக்கும். இறங்கி வந்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. நான் கூப்பிடறேன்னான்."

மூன்று நாள் அவன் கூப்பிடவில்லை. நான் ஆபீசுக்குப் போனேன். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். வீட்டில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் மஞ்சள் தடவியபடி முன்னறையில் அடுக்கியிருந்தன. அவள் வேலைக்குப் போய்வந்தாள், வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டாள், என்னோடு பேசவில்லை. எனக்கு முதலில் அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. என்னைவிட அவளுக்கு அவன் பெரிதாகிவிட்டானா என்றெல்லாம் நினைத்தேன். படித்தவள்தான் நான், இருந்தும் குளிக்கும்போது என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சத்தியம் மீறினால் தலைக்கு ஏதாவது ஆகும் என்று எந்த வயதில் யார் சொல்லி வைத்தார்களோ. "நாமளே போய்க் கேட்டுடலாம்" என்று என் கணவர் தினமும் காலையில் சொன்னார். என்னால் முடியவில்லை. மளிகைக் கடையில் வயலின்காரர் பார்த்துவிட்டு, "மாமி, அந்த தேதி உறுதிதானே?" என்றார். "சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினேன்.

அந்த மூன்று நாள் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்றைக்கும் போன் அடித்தால், யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

நாலாவது நாள் சாயங்காலம் சம்பந்தி மாமி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"பையன் பயந்துட்டான். அதை உங்ககிட்ட மறைக்கப் போறதில்லை. நானும் பயந்தேன். டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போய் ஒரு மணிநேரம் உக்காந்து கேட்டோம். அவனுக்கு இவதான் வேணுமாம். இன்னிக்குக் காலம்பற சொன்னான். எனக்கும் சம்மதம்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"அழாதீங்கோ. எனக்குக் கோவம் தீரலை. உடம்புன்னா யாருக்கும் வரும். அதுக்கில்லை. பகவான் பேரைச் சொல்லி என் வாயை அடைச்சேளே. அன்னிக்கு ஆத்துக்குப் போய் மாமாவோட நெஞ்சுக்காக நான் விளக்கேத்தி வெச்சேன், தெரியுமா?"

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் போல் இருந்தது. "பாட்டு உங்க இஷ்டம் மாமி. உங்க பொண்ணு ஆசைப்பட்ட மாதிரி டிஜேயே வெச்சுக்கலாம், அந்த வெட்டற லைட் மட்டும் இல்லாம…" என்று உளறினேன்.

"அதெப்படி? வாயால சொல்லியாச்சே. பொய்யா சொன்னாலும் பெருமாள் காதுல விழுந்தாச்சு. இனிமே அது வேண்டுதல்தான், நடத்தித்தான் ஆகணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "மாமா, ஆபரேஷன் பண்ணின நெஞ்சு. பாத்துக்கோங்கோ."

அது கேலியா இல்லையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் நடந்தது. என் பெண் மாத்திரை டப்பாவை அவள் அப்பாவின் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தாள். அதுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் அது என் கைப்பையில்தான் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிநேரம் அறையைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். யாரோ கதவைத் தட்டப்போனபோது மாப்பிள்ளையே வந்து, "தூங்கட்டும்" என்று தடுத்ததாகச் சொன்னார்கள். சாயங்காலம் அவர் வீடியோக்காரர்களிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விளக்கைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

மேடையில் அசையாத வெள்ளை வெளிச்சம். ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து வயலினும் குழலும் மிருதங்கமும். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். தாளம் வேறு போட்டார்கள், எல்லாம் தப்பு. "என்ன, ரிசப்ஷனா, ஆராதனையா?" என்று என் பின்னால் ஒரு உறவுக்காரி சொன்னது காதில் விழுந்தது. தங்கைக்காரி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

வயலின்காரர் என்ன வாசித்தார் என்று என்னைக் கேட்டால் தெரியாது. ஒரு கீர்த்தனைகூட என் காதில் ஏறவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து என் பெண்ணின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசு வாங்குகிறாள், கைகுலுக்குகிறாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறாள். வாசல் தோரணத்தில் சீரியல் பல்ப் ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. எழுந்து போய் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு குழந்தை போனில் டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்தது. அதன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, என் பக்கத்து நாற்காலியில் சம்பந்தி மாமி இருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துபோன பிறகு அவர் என்னோடு காரியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் மேடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"வந்தா எப்படி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை.

"இப்போ, இங்கேயே வந்தா. முதல்ல என்ன தெரியும்? டாக்டர் பொதுவாச் சொன்னார். இவளுக்கு எப்படின்னு உங்களுக்குத்தானே தெரியும்."

"வலது கட்டைவிரல் துடிக்கும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அப்புறம் கண்ணு ஒரு பக்கமாப் போகும். கூப்பிட்டா கேக்காது."

"அப்போ பிடிச்சுக்கணுமா?"

"விழாம தாங்கணும், அவ்வளவுதான். தரையில படுக்க வெச்சு ஒரு பக்கமாச் சரிச்சுடணும். தலைக்கு அடியில ஏதாவது மெத்துன்னு. கையையும் காலையும் அமுக்கவே கூடாது."

"சாவிக்கொத்தைக் கையில குடுக்கணும்பாளே."

"வேண்டாம். கையிலயும் வேண்டாம், வாயிலயும் ஒண்ணும் வைக்கக் கூடாது. தண்ணிகூட. மணியைப் பாத்துண்டு இருக்கணும். தானே நிக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரி."

"அஞ்சு நிமிஷம் சும்மா பாத்துண்டு இருக்கணுமா?"

"ஆமாம்."

"இருந்திருக்கேளா?"

"ரெண்டு தடவை."

அப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று நான் கொஞ்சம் உரக்கவே பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்வரிசையில் யார் யார் இருந்தார்கள், யார் காதில் என்ன விழுந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அவர் விரல் விட்டுத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கட்டைவிரல். கண்ணு. சரிச்சுப் படுக்க வைக்கணும். அமுக்கக் கூடாது. மணி பாக்கணும்…" நடுவில் ஒன்றை விட்டுவிட்டார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு பின்வரிசையைப் பார்த்துக் கையசைத்தார்.

தங்கைக்காரி எழுந்து வந்தாள். "எந்தா அம்மா?"

"இங்க உக்காரு. அவ இனிமே நம்மாத்துல இருக்கப் போறா. நான் இல்லாதபோது நீதான் இருப்பே. மாமி சொல்றதைக் கேட்டுக்கோ." என் பக்கம் திரும்பினார். "முதல்லேருந்து சொல்லுங்கோ."

அந்தப் பெண் கட்டியிருந்த கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.